‘பாப்பா கொடுத்தது’ என்று பொய் சொல்ல வேண்டாம்

டிசம்பர் பிறந்தால் ஆலய வளாகத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரே பேச்சு. “மூணு வயசுப் பிள்ளையை வெச்சுக்கிட்டுக் கைவேலையா? வீடெல்லாம் பசையும் பெயின்டும்தான் மிஞ்சும். செஞ்சு முடிச்சாலும் கோணலும் மாணலுமா இருக்கும், அதை யார்கிட்ட குடுக்க? கடையில அழகழகா கிடைக்குது. வாங்கி, ஜிகினா பேப்பர்ல சுத்தி, பிள்ளை பேரை எழுதிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது.” இப்படிச் சொல்கிறவர்களைப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அன்பான தாய்மார், நல்ல ஆசிரியைகள், ஆண்டுக்கணக்காக ஞாயிறு பள்ளி நடத்துகிற பெரியவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு எதிர்ப்பே இல்லாமல் பரவி, நடைமுறை அறிவு என்ற மரியாதையையும் பெற்றுவிட்டது.

நான் இதை முழுக்க மறுக்கிறேன். மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள ஒரு பிள்ளை கிறிஸ்துமஸுக்குத் தரக்கூடிய பரிசு ஒன்றே ஒன்றுதான்: தன் கையால் செய்தது. அதனிடம் பணம் இல்லை. தனியாகக் கடைக்குப் போகவும் முடியாது. இருப்பதெல்லாம் இரண்டு கைகளும் வேண்டிய மட்டும் நேரமும். அந்தக் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு நாம் வாங்கிய பொருளில் பிள்ளையின் பெயரை எழுதும்போது, பிள்ளை கொடுக்க இருந்ததை நாம் பறித்துக்கொள்கிறோம்.

கடைப் பரிசு கைமாறும் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா பையிலிருந்து பளபளக்கும் பொட்டலத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்து, “அத்தைகிட்ட குடு, ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லு” என்கிறார். பிள்ளை கொடுக்கிறது. “அடடே, பாப்பா எனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கா?” என்று அத்தை பிரிக்கத் தொடங்குகிறார். அப்போது பிள்ளை எங்கே நிற்கிறது? அத்தையின் முழங்கையோரம், கழுத்தை நீட்டிக்கொண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது. ஒரு கண்ணாடி ஜாடி வெளியே வருகிறது. பிள்ளை திரும்பித் தன் செருப்பைத் தேடப் போய்விடுகிறது. இந்தக் காட்சியை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆளே, வாங்குகிறவரோடு சேர்ந்து நின்று உள்ளே என்ன என்று எட்டிப் பார்க்கிறது. அந்த ஜாடி ‘பாப்பா கொடுத்தது’ என்ற பெயரோடு அலமாரியில் ஏறும். பண்டிகை நாளும் அதுவுமாக, பிள்ளையின் தலையில் கட்டிச் சொல்லப்படும் பொய் அது.

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், அதுக்கு அடுத்தவங்க மனசு புரியுமா?” என்பதுதான் இந்தத் தரப்பின் அடித்தளம். புரியும். 1997இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் பெட்டி ரெப்பகோலி, அலிசன் காப்னிக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 14 மாதக் குழந்தைகளுக்கும் 18 மாதக் குழந்தைகளுக்கும் முன்னால் இரண்டு கிண்ணங்கள்: ஒன்றில் பிஸ்கட், மற்றதில் பச்சை ப்ரோக்கோலி. குழந்தைகளுக்குப் பிடித்தது பிஸ்கட் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆய்வாளர் குழந்தையின் கண்முன்னே ப்ரோக்கோலியைச் சுவைத்து மகிழ்ந்து, பிஸ்கட்டைக் கடித்து முகம் சுளித்துக் காட்டுகிறார். பிறகு கையை நீட்டிக் கொஞ்சம் தரும்படி கேட்கிறார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே நீட்டின. 18 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் ப்ரோக்கோலியை எடுத்துக் கொடுத்தன. தனக்குப் பிடிக்காததை, அவருக்குப் பிடித்தது என்பதற்காக. ஒன்றரை வயதில் இந்த அறிவு வந்துவிடுகிறது. நாம் நான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘இதுக்கு என்ன தெரியும்’ என்கிறோம்.

2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைகள், தின்பண்டத்தைத் தாங்கள் பெற்றபோது காட்டிய மகிழ்ச்சியைவிட இன்னொருவருக்குக் கொடுத்தபோது கூடுதலாகக் காட்டின. யாரோ எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. அம்மா வாங்கி வந்த ஜாடிக்கும் பிள்ளை தானே செய்த அட்டைக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே இருக்கிறது.

ஆய்வெல்லாம் எதற்கு என்பவர்கள் ஒரு வெண்டைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் வெட்டுமுகம் ஐந்து முனை நட்சத்திரமாக இருக்கும். அதைச் சாயத்தில் தொட்டு அட்டையில் ஒற்றினால் கிறிஸ்துமஸ் வாழ்த்து தயார். பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு ஞாயிறு பள்ளியில் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அட்டையின் கீழ்ப்பாதியில் டீச்சர் ஏற்கெனவே குடில் வரைந்து வைத்திருந்தார். மேல்பாதியில் பிள்ளைகள் நட்சத்திரம் ஒற்ற வேண்டும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எல்லா நட்சத்திரத்தையும் கீழேயே, மாட்டுத் தொட்டியைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக ஒற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே நகர்த்தினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நகர்த்தினார். “ஆச்சிக்குக் கழுத்து வலி டீச்சர், மேல பாக்க முடியாது” என்றாள்.

அந்தப் பிள்ளை வேலையில் உட்கார்ந்த நேரம் முழுக்க ஆச்சியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆச்சியின் கழுத்துக்கு ஏற்றபடி வானத்தைக் கீழே இறக்கியிருக்கிறாள். இப்படி ஒரு யோசனை எந்தக் கடையில் விற்கிறது? டீச்சர் பிடித்த பிடியை விடாமல் நகர்த்தியிருந்தால் அட்டை அழகாக வந்திருக்கும், ஆச்சிக்கான பரிசு அங்கேயே அழிந்திருக்கும்.

இதனால்தான் கைவேலையே வேண்டாம் என்பவர்களோடு மட்டுமல்லாமல், “செய்யலாம், ஆனா நாம கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கணும்” என்பவர்களோடும் எனக்குச் சண்டை. இரண்டு தரப்பும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் நிற்கும் இடம் ஒன்றுதான். பரிசு பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதே இருவருக்கும் அளவுகோல். முதல் தரப்பு கடையை நாடுகிறது, இரண்டாம் தரப்பு தன் கையையே கடையாக்குகிறது. பிள்ளை தூங்கிய பிறகு அதன் அட்டையில் ஓரம் வெட்டி, கோணல் எழுத்தை அழித்து எழுதி, உதிர்ந்த பஞ்சை மாற்றி ஒட்டும் தாய்மார் எத்தனையோ பேர். காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: நீ செய்தது போதவில்லை.

கடையில் விற்கும் கைவேலைப் பெட்டிகளும் இதே வகை. எல்லாத் துண்டும் வெட்டி, துளை போட்டு, எண் குறித்து வரும். பிள்ளை செய்வது பின்பக்கத் தாளை உரித்து ஒட்டுவது மட்டுமே. பத்து வீட்டுப் பிள்ளைகள் செய்தாலும் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்காகச் செய்தது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

இவற்றைவிட மோசமானது டிசம்பரில் நடக்கும் போட்டி. கைவினைப் போட்டி, குடில் போட்டி, வாழ்த்து அட்டைப் போட்டி. முதல் பரிசு யாருக்குப் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். எந்த அம்மாவுக்குக் கை நேர்த்தியோ அந்தப் பிள்ளைக்கு. ஊக்கப்படுத்தத்தானே செய்கிறோம் என்பார்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் கண்டதை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் அதே வண்ணப் பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. பிள்ளைக்கு இயல்பாக இருக்கும் ஆசையைப் பரிசு வாக்குறுதி தின்றுவிடுகிறது. அடுத்தவருக்குக் கொடுக்கக் கற்றுத் தர வேண்டிய மாதத்தில், மேடையேறி வாங்குவதற்காகச் செய் என்று கற்றுத் தருகிறோம். இதை நடத்துவது ஆலயம் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

இன்னொரு வாதம் உண்டு: “இதெல்லாம் வெளிநாட்டு வீடியோ பாத்து வந்த மோகம், நம்ம ஊருக்கு ஒத்து வராது.” வரலாறு இதற்கு நேர்மாறானது. கடையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில், ஹென்றி கோல் என்பவர் ஓவியரைக் கொண்டு வரையச் சொல்லி அச்சிட்டது. நேரமில்லாத ஒரு மனிதர் கண்ட வழி அது. வீடுகளில் தொங்கும் காகித நட்சத்திரத்தின் பழைய வகைகளில் ஒன்று, ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியத் திருச்சபை நடத்திய ஆண்கள் பள்ளியில் 1830களில் பிறந்தது. வடிவக் கணிதம் படித்த மாணவர்கள் காகிதக் கூம்புகளை ஒட்டிச் செய்தார்கள். ஹெர்ன்ஹூட் நகரில் அதற்குத் தொழிற்சாலை வந்ததெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து. பிள்ளைகளின் கையிலிருந்துதான் அந்த நட்சத்திரம் கடைக்குப் போயிற்று.

நம் பக்கம் பாருங்கள். குடிலுக்குப் புல் வேண்டும் என்று டிசம்பர் நடுவில் தட்டில் கேழ்வரகோ நெல்லோ விதைத்து, தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுகிற வீடுகள் எத்தனை! குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கொடுக்கும் ஓலையைப் பிள்ளைகள் ஆராதனை முடிவதற்குள் சிலுவையாக மடித்துவிடுகிறார்கள். யாரும் வகுப்பு எடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்த்துக் கற்றதுதான். சென்னையில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் குல்குல் செய்ய உட்காரும்போது, மாவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் பெரியவர்கள். தூத்துக்குடிக் கடலோரத்தில், மணப்பாட்டில், பனை ஓலைப் பின்னல் பெண்களின் பிழைப்பாகவே இருந்து வருகிறது. கைவேலை நமக்குப் புதிது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

வெளிநாட்டுச் செய்முறை ஒத்து வராது என்பது உண்மை. அதற்குக் காரணம் வானிலை. வீடியோவில் உப்பு மாவில் நட்சத்திரம் வெட்டிக் காயவைக்கிறார்கள், ஆரஞ்சுப் பழத்தை வட்டமாக நறுக்கி உலர்த்துகிறார்கள். நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றே ஈரமாக இருக்கும். உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவைப் பிசுபிசுக்க வைக்கும். ஆரஞ்சு காய்வதற்கு முன் பூஞ்சை பூக்கும். அதைச் செய்து பார்த்துத் தோற்ற தாய், ‘சின்னப் பிள்ளையோட இதெல்லாம் நடக்காது’ என்ற முடிவுக்கு வருகிறார். பிள்ளையின் வயதில் குறை இல்லை. டிசம்பர் மழையில் காயாத பொருளைத் தேர்ந்தெடுத்ததுதான் குறை.

எதிர்த் தரப்பில் நான் மிகவும் மதிக்கும் வாதம் நேரத்தைப் பற்றியது. வேலைக்குப் போகிற தாய்க்கு டிசம்பர் ஏற்கெனவே கனமான மாதம். பலகாரம், துணிமணி, வீடு ஒழுங்கு, அரையாண்டுத் தேர்வு, வீடு வீடாக வரும் கேரல் குழுவுக்குத் தேநீர். இதில் கைவேலையும் அவர் தலையிலா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கான தீர்வு கடைப் பொருள் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. முதலில், இது தாயின் வேலை என்று யார் எழுதி வைத்தது? அப்பாவுக்குக் கை இல்லையா, தாத்தாவுக்கு நேரம் இல்லையா? கேரல் குழுவோடு நள்ளிரவு வரை சுற்றும் சித்தப்பாவால் ஒரு மாலை அரை மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்கார முடியாதா? அடுத்து, வேலை மலையாகத் தெரிவது பெரியவர் மனத்தில் முடிவின் படம் ஒன்று தயாராக இருப்பதால்தான். அந்தப் படத்தை விட்டுவிட்டால் வேலை பாதியாகிவிடும்.

தேங்காய்ச் சிரட்டை ஒன்று போதும். கண் உள்ள பாதியை எடுத்து, மெல்லிய கண்ணைக் குத்தித் திறந்துவிடுங்கள். பிள்ளை எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வடிந்துவிடும். முந்தின இரவு கேழ்வரகை ஊறவைத்து, 15ஆம் தேதி வாக்கில் சிரட்டையில் மண் நிரப்பச் சொல்லுங்கள். தூவுவது பிள்ளை, ஈரத்துணியால் மூடுவது பிள்ளை, காலையில் பல் தேய்க்கும் முன் ஓடிப்போய்ப் பார்ப்பதும் பிள்ளைதான். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை தலைகாட்டும். துணியை எடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப் புல் நிற்கும். பெரியவருக்கு இதில் என்ன வேலை? முதல் நாள் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். மீதி நாள்களில் பிள்ளை தானாகவே, “இது யாருக்கு?” என்று கேட்பவர்களிடமெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காகிதம் கிழித்து ஒட்டுவதும் விரல் ரேகை பதிப்பதும் போதும். ஐந்து வயதில் மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் கைக்கு வந்துவிடும். கத்தியும் அடுப்பும் பெரியவர் பொறுப்பு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் மணியும் பாசியும் கொடுக்கக் கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும்.

“வெறுங்கையோட போற மாதிரி இருக்குமே, கஞ்சத்தனம்னு நினைப்பாங்களே” என்ற தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கொடுக்கல் வாங்கல் கணக்கு உண்டு; அதை நான் இளப்பமாகப் பேசவில்லை. அந்தக் கணக்கு இரண்டு குடும்பங்களுக்கு இடையில் இருப்பது. கேக்கும் பழமும் வாங்கிப் போங்கள், உங்கள் பெயரால் கொடுங்கள். பிள்ளையின் அட்டை அந்தக் கணக்கில் சேராது, அது பிள்ளைக்கும் அத்தைக்கும் இடையில் உள்ளது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போகலாம்.

சிலர் ஆறுதலாக, ‘ஏழை விதவையின் காணிக்கை மாதிரி இதையும் ஆண்டவர் ஏத்துக்குவார்’ என்பார்கள். அந்த ஒப்புமை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த விதவை போட்ட இரண்டு காசையும் இரக்கத்தோடு பார்க்கச் சொல்லி நற்செய்தி கேட்கவில்லை. எல்லாரையும்விட அதிகம் போட்டவள் என்றே சொல்கிறது. பிள்ளையின் அட்டைக்கும் இரக்கம் தேவையில்லை. அதைப் பரிசாக மதித்து வாங்கிக்கொண்டால் போதும்.

நாலு நாளில் குப்பைக்குத்தானே போகும் என்றால், போகட்டும். காகிதமும் சிரட்டையும் மண்ணில் மக்கும். பிளாஸ்டிக் பொம்மையும் குப்பைக்குத்தான் போகிறது, அது மக்காது.

ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களுக்கு: இந்த ஆண்டு போட்டியை விட்டுவிடுங்கள். அந்த ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையிடமும் யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று முதலில் கேளுங்கள், பிறகு காகிதத்தைக் கொடுங்கள். பெற்றோருக்கு: பிள்ளை தூங்கிய பிறகு அதன் வேலையில் கை வைக்காதீர்கள். பரிசு வாங்கப் போகும் அத்தைமாருக்கும் மாமாமாருக்கும் ஆச்சி தாத்தாக்களுக்கும் என் வேண்டுகோள் இது: கோணல் அட்டையோ முளைத்த சிரட்டையோ கையில் வந்தால், “அம்மா செஞ்சு குடுத்தாங்களா?” என்று கேட்டுவிடாதீர்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், உட்கார்ந்து கேளுங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரையாவது அது உங்கள் வீட்டுக் கூடத்தில், பிள்ளை வந்தால் கண்ணில் படும் உயரத்தில் இருக்கட்டும்.